தடைப்பட்டியல் 'இல்லை' என்றதா, பதிலே சொல்லவில்லையா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் கீழே சொல்வதெல்லாம் வீண். உங்களிடம் இருப்பது மெயிலை வாங்கும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், அதன் பின்னால் ஸ்பேமை வடிகட்டும் ஸ்பேம்அசாசின். மூன்று வாரமாக ஸ்பேம் கொட்டுகிறது. மெயில் ஹெடரில் 'யூஆர்ஐபிஎல்_பிளாக்ட்' என்ற விதி தலைகாட்டுகிறது. அதைப் பார்த்து, டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் ரிசால்வரான அன்பவுண்டை நிறுவி, எந்த ரிசால்வரிடம் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் இருந்த 8.8.8.8 என்ற கூகுளின் பொது ரிசால்வரை எடுத்துவிட்டு, இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 போட்டீர்கள். டெர்மினலில் டிஎன்எஸ் கேள்வி கேட்கும் டிக் கட்டளையை அடித்தால் பதில் ஒழுங்காக வருகிறது. ஆனால் ஸ்பேம் குறையவில்லை. அவசரத்துக்குப் பழைய கான்ஃபிக் ஒன்றிலிருந்து ஏழெட்டு தடைப்பட்டியல்களை, அதாவது ஸ்பேம் அனுப்பும் முகவரிகளை டிஎன்எஸ் வழியாகச் சொல்லும் பட்டியல்களை, எடுத்து போஸ்ட்ஃபிக்ஸில் சேர்த்தீர்கள். அன்றிலிருந்து நல்ல மெயில்களும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன.

இதில் கோளாறு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஸ்பேமை உள்ளே விடுகிறது, இன்னொன்று நல்ல மெயிலை வெளியே தள்ளுகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன: தடைப்பட்டியல் என்ன பதில் சொன்னது என்பதை யாரும் படிக்கவில்லை. பதில் வந்ததா, வரவில்லையா என்று மட்டுமே பார்த்திருக்கிறோம்.

கேள்வி எப்படிப் போகிறது என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். 203.0.113.45 என்ற ஐபியிலிருந்து ஒரு மெயில் வருகிறது என்று வையுங்கள். வடிகட்டி அந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் பட்டியலின் பெயரோடு ஒட்டுகிறது: 45.113.0.203.ஜென்.ஸ்பேம்ஹவுஸ்.ஆர்க். இந்தப் பெயருக்கு ஏ ரெக்கார்டு, அதாவது ஐபி முகவரி, இருக்கிறதா என்று சாதாரண டிஎன்எஸ் கேள்வி ஒன்றைக் கேட்கிறது. இருந்தால் 127-ல் தொடங்கும் ஒரு முகவரி வரும், ஐபி பட்டியலில் இருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று அர்த்தப்படும் என்எக்ஸ்டொமைன் வரும். 1997-ல் பால் விக்ஸி தொடங்கிய முதல் பட்டியலின் காலத்திலிருந்து அடிப்படை இதுதான். 2010-ல் வந்த ஆர்எஃப்சி 5782 என்ற இணைய நெறி ஆவணம் இந்தப் பழக்கத்தை எழுத்தில் வைத்தது.

இந்த ஏற்பாட்டின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 'பட்டியலில் இல்லை' என்பது ஒரு பதில். 'எனக்குப் பதிலே வரவில்லை' என்பது வேறு நிலைமை. 'உனக்குப் பதில் சொல்ல மாட்டேன்' என்பது மூன்றாவது. வடிகட்டிகள் இந்த மூன்றையும் பெரும்பாலும் ஒரே மாதிரி நடத்துகின்றன: மெயிலை உள்ளே விட்டுவிடுகின்றன. அப்படி நடத்துவது சரிதான். டிஎன்எஸ் படுத்துவிட்டது என்பதற்காக ஊர் மெயிலையெல்லாம் நிறுத்த முடியாது. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை, பழுது சத்தமே இல்லாமல் நடக்கும் என்பது. சர்வர் ஓடும், வரிசை தேங்காது, எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது, ஸ்பேம் மட்டும் கூடும். இந்தத் துறையில் நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

ஆகவே முதல் சோதனை எப்போதும் இரண்டு கேள்விகள். ஒன்று மட்டும் கேட்டால் போதாது. ஆர்எஃப்சி 5782-இன்படி ஒவ்வொரு ஐபி தடைப்பட்டியலிலும் 127.0.0.2 கட்டாயம் இருக்க வேண்டும், 127.0.0.1 கட்டாயம் இருக்கக் கூடாது. எனவே 2.0.0.127 என்று தொடங்கும் பெயரைக் கேளுங்கள், பதில் வர வேண்டும். பிறகு 1.0.0.127 என்று தொடங்குவதைக் கேளுங்கள், என்எக்ஸ்டொமைன் வர வேண்டும். முதலாவதற்குப் பதில் இல்லையென்றால் பட்டியல் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாவதற்கு முகவரி வந்தால், கேட்டதற்கெல்லாம் 'ஆமாம்' சொல்லும் ஏதோ ஒன்று நடுவில் நிற்கிறது. பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுவார்கள். நல்ல மெயில் திரும்பிப் போகும் கதை இரண்டாவது கேள்வியில்தான் ஒளிந்திருக்கும்.

பதில் வந்தால் அதன் கடைசி எண்வரை படியுங்கள். ஸ்பேம்ஹவுஸ் என்ற அமைப்பின் ஜென் என்பது பல பட்டியல்களின் தொகுப்பு. 127.0.0.2 என்றால் எஸ்பிஎல், அதாவது அறியப்பட்ட ஸ்பேம் மூலங்கள், 3 என்றால் சிஎஸ்எஸ், அதாவது தானியங்கி முறையில் பிடிபட்ட ஸ்பேம் மூலங்கள், 4-லிருந்து 7 வரை எக்ஸ்பிஎல், அதாவது வைரஸ் பிடித்த அல்லது களவாடப்பட்ட கணினிகள். 10, 11 என்றால் பிபிஎல்: வீட்டு இணைப்பு போல, நேரடியாக மெயில் அனுப்பத் தேவையில்லாத முகவரிகள். இவை பட்டியலின் உண்மையான பதில்கள்.

127.255.255 என்று தொடங்கினால் அது மெயில் அனுப்பியவரைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது. கடைசி எண் 252 என்றால் பட்டியலின் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். 254 என்றால் பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறீர்கள், அல்லது கேட்பவர் யார் என்று அடையாளம் தெரியவில்லை. 255 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். மெயிலுக்குள் உள்ள சுட்டிகளின் டொமைன்களுக்கான யூஆர்ஐபிஎல் பட்டியலில் இதே மறுப்பு 127.0.0.1 என்று வரும். அங்கே கடைசி எண் பிட்களின் கூட்டு: 2 கறுப்பு, 4 சாம்பல், 8 சிவப்பு, 1 என்றால் 'உனக்குப் பதில் இல்லை'. உங்கள் ஹெடரில் வந்த 'யூஆர்ஐபிஎல்_பிளாக்ட்' விதி இந்த 1-ஐப் பார்த்துத்தான் எழுந்தது. பெயரைப் பார்த்து, மெயிலில் உள்ள சுட்டி தடை செய்யப்பட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இல்லை, தடை செய்யப்பட்டது உங்கள் கேள்வி. அனுமதிப் பட்டியலான டிஎன்எஸ்டபிள்யூஎல்லுக்கும் இப்படி ஒன்று உண்டு, 127.0.0.255.

ஏன் மறுக்கிறார்கள்? பட்டியல் நடத்துபவருக்குத் தெரிவது கேள்வி கேட்ட ரிசால்வரின் ஐபி மட்டுமே. நீங்கள் 8.8.8.8 வழியாகக் கேட்டால் உங்களோடு லட்சக்கணக்கானவர்களின் கேள்விகளும் ஒரே கூட்டமாகப் போய் நிற்கின்றன. யார் சிறிய சர்வர், யார் இலவசமாக உறிஞ்சும் பெரிய நிறுவனம் என்று அவர்களால் பிரிக்க முடியாது. ஆகவே கூட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். அன்பவுண்ட் வைக்கச் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். உங்கள் ரிசால்வர் ரூட் சர்வரிலிருந்து தானே இறங்கிப் போய்க் கேட்க வேண்டும், உங்கள் ஐபியோடு கேட்க வேண்டும்.

சரி, வைத்தாயிற்று, டிக்கும் வேலை செய்கிறது, அப்புறம் ஏன் மாறவில்லை?

டிக் உங்கள் ஷெல்லில் ஓடுகிறது. மெயில் வடிகட்டி உங்கள் ஷெல்லில் ஓடவில்லை. இதை நான் கற்றுக்கொள்ள ஒரு இரவு முழுக்கச் செலவானது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் இதே நிலைமை. டிக் அடித்தால் ஜென் 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று அழகாகப் பதில் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் ஜென் பெயரில் ஒரு நிராகரிப்புகூட இல்லை. கான்ஃபிக்கை நாலு முறை படித்தேன், வரிசை சரி, எழுத்துப்பிழை இல்லை, எந்தப் பதில்களை ஏற்பது என்ற எல்லையும் (அதைப் பற்றிக் கீழே) கட்டியிருந்தேன். கடைசியில் நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை டிஎன்எஸ்ஸின் 53-ஆம் போர்ட்டில் வைத்து உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. வெளியிலிருந்து ஒரு இணைப்பு வந்தவுடன் கேள்வி 127.0.0.1-க்குப் போகவில்லை, நேராகப் பழைய பொது ரிசால்வருக்குப் போகிறது.

காரணம் குரூட், அதாவது நிரலை ஒரே ஃபோல்டருக்குள் அடைத்து வைக்கும் ஏற்பாடு. டெபியன் வகை சிஸ்டங்களில் பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸின் மெயில் வாங்கும் பகுதியான எஸ்எம்டிபிடி தனக்கென ஒரு கூண்டுக்குள் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கும். கூண்டின் வேர் வார் அடைவின் ஸ்பூல் பகுதியில், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற ஃபோல்டர். அதற்குள் தனியாக ஒரு ஈடிசி, அதற்குள் தனியாக ஒரு ரிசால்வ்.கான்ஃப். போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது வெளியே உள்ள கோப்பு அங்கே நகலெடுக்கப்படுகிறது. நான் வெளியே மாற்றினேன், போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யவில்லை, உள்ளே பழைய நகல் அப்படியே இருந்தது. 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' கட்டளையை ஓட்டியிருந்தால் இரண்டு கோப்பும் வேறுபடுகின்றன என்று அதுவே சொல்லியிருக்கும். உங்கள் விஷயத்திலும் முதலில் இதைத்தான் சந்தேகிக்கிறேன். கூண்டுக்குள் இருக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். 8.8.8.8 இன்னும் உட்கார்ந்திருந்தால் போஸ்ட்ஃபிக்ஸை முழுமையாக நிறுத்தித் தொடங்குங்கள்.

ஸ்பேம்அசாசினுக்கு இந்தக் கூண்டு இல்லை, ஆனால் பின்னணியில் ஓடும் அதன் நிரலான டீமன் பல நாட்களாக ஓடிக்கொண்டே இருக்கும், தொடங்கியபோது படித்த ரிசால்வரையே பிடித்துக்கொண்டிருக்கும். அதையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அமாவிஸ் என்ற மென்பொருள் வழியாக ஸ்பேம்அசாசினை அழைக்கிறீர்கள் என்றால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியது அமாவிஸ். இன்னும் நல்லது, ஸ்பேம்அசாசினின் லோக்கல்.சிஎஃப் கோப்பில் 'டிஎன்எஸ்_சர்வர்' என்ற அமைப்பில் 127.0.0.1 என்று வெளிப்படையாக எழுதிவிடுவது. நாளைக்கு வேறு ஏதாவது மென்பொருள் ரிசால்வ்.கான்ஃபை மாற்றி எழுதினாலும் வடிகட்டி அசையாது. மாற்றி எழுதும் மென்பொருள்கள் உண்டு: டிஎச்சிபி கிளையண்ட் ஒன்று, சிஸ்டம்டி-ரிசால்வ்டி இன்னொன்று. அந்தக் கோப்பில் 127.0.0.53 என்று இருந்தால், கேள்வி உங்கள் அன்பவுண்டுக்குப் போகவில்லை, ரிசால்வ்டிக்குப் போகிறது. அது நெட்வொர்க் கொடுத்த ரிசால்வரிடம் கேட்டுக்கொண்டிருக்கும். 53 என்ற அந்தக் கடைசி எண்ணைக் கவனிக்காமல், '127 என்று ஆரம்பிக்கிறதே, நம்முடையதுதான்' என்று விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஸ்பேம்அசாசின் என்ன பார்க்கிறது என்று அதனிடமே கேட்கலாம். சேமித்து வைத்த ஒரு ஸ்பேம் மெயிலை, வடிகட்டி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதே பயனராக, டிபக் சுவிட்சுடன் ஓட்டுங்கள். டிஎன்எஸ், அசிங்க் என்ற இரண்டு பகுதிகளை மட்டும் கேட்டால் போதும், இல்லாவிட்டால் வெள்ளம்போல் வரும். எந்தப் பெயரைக் கேட்டது, எந்தப் பதில் வந்தது, எது காலம் கடந்து கைவிடப்பட்டது என்று வரிவரியாக இருக்கும். கேள்வியே போகவில்லையென்றால் 'ஸ்கிப்_ஆர்பிஎல்_செக்ஸ்' 1 என்று இருக்கிறதா, 'டிஎன்எஸ்_அவைலபிள்' நோ என்று இருக்கிறதா, உள்ளூர் சோதனைகள் மட்டும் என்ற சுவிட்சோடு டீமனைத் தொடங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தும் 254 வருகிறது என்றால், அன்பவுண்ட் உண்மையிலேயே தானே போய்க் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்பவுண்ட் கான்ஃபிக்கில் புள்ளிக்கு, அதாவது எல்லாப் பெயர்களுக்கும், ஒரு ஃபார்வர்ட்-ஸோன் எழுதப்பட்டிருந்தால் அது வெறும் தபால்காரர். கேள்வியை வாங்கி அதே பொது ரிசால்வரிடம் கொடுத்துவிடும். அன்பவுண்டுக்குப் பதில் பைண்ட் என்ற ரிசால்வர் என்றால் 'ஃபார்வர்டர்ஸ்' வரி. எத்தனையோ நிறுவல் வழிகாட்டிகள் வேகத்துக்காக இதைப் போடச் சொல்கின்றன. மெயில் சர்வரில் அந்த வேகம் வேண்டாம். உள் நெட்வொர்க்கின் பெயர்களுக்கு வேறு டிஎன்எஸ் தேவைப்பட்டால் அந்த ஒரு டொமைனுக்கு மட்டும் ஃபார்வர்ட் வையுங்கள்.

ஃபார்வர்டர் இல்லை, ஆனாலும் மறுக்கிறார்கள் என்றால், நடுவில் யாராவது 53-ஆம் போர்ட்டைப் பிடித்துத் தங்கள் ரிசால்வருக்குத் திருப்பிவிடுகிறார்களா என்று சந்தேகப்படுங்கள். இதற்கு எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு. 192.0.2.1 என்ற முகவரியில் எந்த டிஎன்எஸ் சர்வரும் இருக்க முடியாது. அந்த வரிசை முழுவதும் ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த முகவரியையே சர்வராகக் கொடுத்து, எந்தப் பெயரையாவது டிக்கில் கேளுங்கள். காத்திருந்து தோற்றுப் போக வேண்டும். பதில் வந்துவிட்டால், பதில் சொல்லியது வழியில் நிற்கும் வேறொருவர். அன்பவுண்ட் எவ்வளவு நன்றாக அமைத்தாலும் இந்தத் திருப்பலை வெல்லாது. நெட்வொர்க் வைத்திருப்பவரிடம்தான் பேச வேண்டும்.

இதுவும் இல்லையென்றால் உங்கள் ஐபியின் பிடிஆர் ரெக்கார்டை, அதாவது ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவை, பாருங்கள். கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வர்களுக்கு ஐபி எண்ணையே பெயராக்கிய பொதுவான பிடிஆர்தான் இருக்கும். யாருடையது என்று அதிலிருந்து தெரியாது. ஸ்பேம்ஹவுஸ் அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் கேள்விகளையும் 254 சொல்லித் திருப்பும். சொந்த ரிசால்வர் வைத்தவர்கள் 'நான் பொது ரிசால்வரே பயன்படுத்தவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். உங்கள் டொமைன் பெயரில் பிடிஆர் வையுங்கள். மெயில் அனுப்புவதற்கும் அது எப்படியும் தேவை. ஐபிவி4-க்கு வைத்துவிட்டு ஐபிவி6-ஐ மறந்துவிடாதீர்கள். அன்பவுண்ட் ஐபிவி6 வழியாக வெளியே போனால் அந்த முகவரியின் பிடிஆர்தான் கணக்கு.

பிடிஆரை மாற்ற முடியாத சூழல் என்றால், ஸ்பேம்ஹவுஸின் டேட்டா குவெரி சர்வீஸில் பதிந்து சாவி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். சாவி பட்டியலின் பெயருக்கு முன்னால் சேர்ந்து கேள்வியோடே போவதால் யார் கேட்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலைத் திருப்பும்போது எந்தப் பட்டியலால் திருப்பினேன் என்று பெயரைச் சொல்லும். அந்தப் பெயரில் உங்கள் சாவியும் இருக்கும். 'ஆர்பிஎல்_ரிப்ளை_மேப்ஸ்' வைத்து அந்தச் செய்தியை மாற்றி எழுதுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் முன்வாசல் காவலான போஸ்ட்ஸ்கிரீன் பயன்படுத்தினால் அதற்கென்று தனி ரிப்ளை மேப் இருக்கிறது.

இன்னொரு வினோதமான பழுதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வந்தால் அனுபவசாலிகளும் திணறுவார்கள். ஒரு சிறிய நெட்வொர்க்கில் ரவுட்டரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் மென்பொருள் வழியாகக் கேள்வி போய்க்கொண்டிருந்தது. 2.0.0.127 சோதனைக்கு ஏ ரெக்கார்டு கேட்டால் வெறுமை. பிழையும் இல்லை, முகவரியும் இல்லை. அதே பெயருக்கு டிஎக்ஸ்டி ரெக்கார்டு, அதாவது உரைப் பதிவு, கேட்டால் பட்டியலின் விளக்க வரி பளிச்சென்று வருகிறது! பட்டியல் உயிரோடு இருக்கிறது, நம்மிடம் பேசவும் செய்கிறது, முகவரியை மட்டும் யாரோ வழியில் உருவிவிடுகிறார்கள். உருவியது ரீபைண்டிங் பாதுகாப்பு. வெளியிலிருந்து வரும் டிஎன்எஸ் பதிலில் உள் நெட்வொர்க் முகவரி இருந்தால் அது தாக்குதலாக இருக்கலாம் என்று பதிலைத் தூக்கி எறியும் வசதி அது. தடைப்பட்டியலின் பதில் எப்போதும் 127-ல் தொடங்கும், ஆகவே எல்லாமே குப்பைக்குப் போனது. டிஎன்எஸ்மாஸ்கில் இதற்கென்றே 'ரீபைண்ட்-லோக்கல்ஹோஸ்ட்-ஓகே' என்ற அமைப்பு இருக்கிறது. அன்பவுண்டில் 'பிரைவேட்-அட்ரஸ்' வரிகளில் 127.0.0.0/8 இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏ வெறுமை, டிஎக்ஸ்டி முழுமை என்ற இந்த ஜோடியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது வலி, எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். ஸ்பேம் உள்ளே வந்தால் எரிச்சல். நல்ல மெயில் திரும்பினால் யாரோ ஒருவருடைய வேலை விண்ணப்பமோ மருத்துவ அறிக்கையோ போய்ச் சேரவில்லை. ஆகவே இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், புதிதாகச் சேர்த்த எல்லாப் பட்டியல்களுக்கு முன்னாலும் 'வார்ன்_இஃப்_ரிஜெக்ட்' என்று சேர்த்து ரீலோட் செய்யுங்கள். அப்போது போஸ்ட்ஃபிக்ஸ் நிராகரிக்காது. நிராகரித்திருப்பேன் என்று லாகில் மட்டும் எழுதும்.

'ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையண்ட்' என்பதற்குப் பிறகு பட்டியலின் பெயரை மட்டும் எழுதினால், எந்த முகவரி வந்தாலும் போஸ்ட்ஃபிக்ஸ் அதை 'பட்டியலில் இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். 254 வந்தாலும்கூட. 'நீ பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறாய்' என்ற செய்தி, 'இந்த மெயில் ஸ்பேம்' என்று வாசிக்கப்பட்டு உலகமே திருப்பி அனுப்பப்படும். ஒரே மறுப்பை ஸ்பேம்அசாசின் அலட்சியம் செய்து ஸ்பேமை விடுகிறது, போஸ்ட்ஃபிக்ஸ் ஆமாம் என்று வாசித்து நல்லதைத் தள்ளுகிறது. ஆகவே பெயருக்குப் பின்னால் சமக்குறி போட்டு 127.0.0.[2..11] என்று எல்லை கட்டுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 2.8 முதல் இந்த வசதி இருக்கிறது.

பழைய கான்ஃபிக்கிலிருந்து எடுத்த பட்டியல்கள் என்றீர்களே, அதில் செத்துப்போன பட்டியல்கள் கட்டாயம் இருக்கும். பட்டியல் சாவது இரண்டு விதம். சில பதில் சொல்வதையே நிறுத்திவிடும். அப்போது ஒவ்வொரு மெயிலும் காலக்கெடு முடியும்வரை காத்திருக்கும். ஸ்பேம்அசாசினில் அந்தக் கெடு வழக்கமாக 15 விநாடி. சில, கேட்பவர்களை விரட்டுவதற்காக, எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று சொல்லத் தொடங்கும். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006-இன் கடைசியில் மூடப்பட்டது. 2008 மார்ச்சில் எல்லா ஐபியையும் பட்டியலில் இருப்பதாகச் சொல்லத் தொடங்கியது. ஏஎச்பிஎல் 2015 ஜனவரி 1 முதல் அதையே செய்தது. சார்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது. உயிரோடு இருப்பதற்கும் விபத்து நேரும்: 2021 ஜனவரி கடைசியில் ஸ்பேம்காப் என்ற பட்டியலின் டொமைன் பெயர் காலாவதியாகி, எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு பார்க்கிங் தளத்தின் முகவரி வந்தது. அந்த முகவரி 127-ல் தொடங்கவில்லை. எல்லை கட்டியவர்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை, கட்டாதவர்கள் நல்ல மெயிலைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். சமக்குறியையும் அடைப்பையும் நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

நீங்கள் சேர்த்த வரிகளில் டிபிஎல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேம்ஹவுஸின் டிபிஎல் டொமைன்களுக்கான பட்டியல், ஐபிக்கு அல்ல. ஐபியைக் கேட்டால் 127.0.1.255 என்று திட்டும். அதை ஐபி பட்டியலின் இடத்தில் வைத்தால் வருகிற ஒவ்வொருவரும் நிராகரிக்கப்படுவார்கள். அதற்கு உரிய இடம் 'ஆர்எச்எஸ்பிஎல்' என்று பெயர் கொண்ட வரிகள்.

உங்கள் சொந்தப் பயனர்கள் வீட்டிலிருந்து அனுப்பும் மெயில் திரும்பினால் காரணம் வேறு. அவர்களுடைய வீட்டு ஐபி பிபிஎல்லில் இருப்பது இயல்பு, அது குற்றம் இல்லை. கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர்களை அனுமதிக்கும் 'பெர்மிட்_சேஸல்_ஆத்தென்டிகேட்டட்' வரி, தடைப்பட்டியல் வரிகளுக்கு மேலே வர வேண்டும்.

ஸ்பேம்அசாசின் பக்கத்தில் இதற்கு இணையானது 'டிரஸ்டட்_நெட்வொர்க்ஸ்', 'இன்டர்னல்_நெட்வொர்க்ஸ்'. உங்கள் சர்வருக்கு முன்னால் வேறு ஒரு கேட்வே நின்று மெயிலை வாங்கித் தருகிறதா? அப்படியானால் போஸ்ட்ஃபிக்ஸ் பார்ப்பது கேட்வேயின் ஐபியை மட்டுமே, வாசலில் தடைப்பட்டியல் வைத்துப் பயனில்லை. கேட்வேயின் ஐபியை இந்த இரண்டிலும் சேர்த்தால்தான் ஸ்பேம்அசாசின் அதைத் தாண்டிப் பின்னால் போய், உண்மையில் ஒப்படைத்தவரின் ஐபியைக் கேட்கும். அப்பட்டமான ஸ்பேமின் ஹெடரில் 'ஆல்_டிரஸ்டட்' என்று கண்டால் இந்த வரிகளில் அளவுக்கு மீறி எதையோ நம்பியிருக்கிறீர்கள்.

எல்லாம் சரியான பிறகு அன்பவுண்டின் கேச்சைக் காலி செய்யுங்கள். பழைய மறுப்பு அதில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பிறகு மணிக்கு ஒரு முறை ஓடும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு ஐபி பட்டியலுக்கும் அந்த இரண்டு கேள்விகள்: 127.0.0.2-க்கு எல்லைக்குள் பதில் வருகிறதா, 127.0.0.1-க்கு என்எக்ஸ்டொமைன் வருகிறதா. எது பிசகினாலும் உங்களுக்குச் செய்தி வர வேண்டும், அதுவும் இந்த மெயில் சர்வர் வழியாக அல்லாமல் வேறு வழியில். ஆர்ஸ்பேம்டி என்ற இன்னொரு வடிகட்டியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் காவல் உள்ளேயே இருக்கிறது, 127.0.0.1-க்கு முகவரி வந்தால் அது லாகில் குறை சொல்லிவிட்டு அந்தப் பட்டியலை ஒதுக்கி வைக்கும். ஸ்பேம்அசாசினில் நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

'வார்ன்_இஃப்_ரிஜெக்ட்' வரிகளை ஒரு வாரமாவது அப்படியே விடுங்கள். வார முடிவில் லாகை எடுத்து, ஒவ்வொரு பட்டியலும் யாரையெல்லாம் திருப்பியிருக்கும் என்று பெயர் பெயராகப் பாருங்கள். ஒரு நல்ல அனுப்புநரைக்கூடத் தொடாத பட்டியலுக்கு மட்டும் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். என் கணிப்பில் ஏழெட்டில் இரண்டு தேறும். ஜென் அதில் ஒன்றாக இருக்கும்.